வெறும் தெருதானாம்!

கேரளாவுல நடந்த வைக்கம் போராட்டத்தைக் கிண்டல் பண்ற அந்த ரீலை நேத்திலிருந்து பதினோரு பேர் அனுப்பிட்டீங்க. பார்த்தாச்சு, போதும். வைக்கம் கோயில்ல சிவனை, அதான் வைக்கத்தப்பனை, கும்பிட்டுட்டு, கழட்டின சட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டு, வடக்கு நடையில நின்னு தம்பி சிரிக்கிறார்: "கோயிலுக்குள்ள போறதுக்குக்கூட இல்லயாம், வெறும் தெருவுல நடக்கத்தானாம். இதுக்கா இவ்ளோ பில்டப்பு?"

ஆமா தம்பி, தெருவுல நடக்கத்தான்.

கோயிலைச் சுத்தின அந்தத் தெருவுல நாய் போகலாம், மாடு போகலாம். கிறிஸ்தவர், இஸ்லாமியர் போகலாம். ஈழவர், புலையர் மாதிரி தீண்டத்தகாதவங்கன்னு ஒதுக்கின சாதிக்காரங்க மட்டும் ஆகாது. 1924 மார்ச் 30ல மூணு பேர் கதர் கட்டிக்கிட்டு அவங்க தாண்டக் கூடாதுன்னு வெச்சிருந்த தீண்டல் பலகைகிட்ட போனாங்க. கைது. அப்புறம் அடுத்த மூணு பேர். எவ்வளவு அடி விழுந்தாலும் திருப்பி அடிக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு. அந்த வருஷப் பெருவெள்ளத்துல போலீஸ் படகுல நின்னு காவல் காத்துச்சு, இவங்க தண்ணிக்குள்ள நின்னாங்க. வெறும் தெருவுக்குத்தான்!

"பேசித் தீர்த்திருக்கலாமே"ன்னு வருவீங்க. 1925 மார்ச்ல காந்தியே பேசத்தான் இண்டந்துருத்தில் மனைங்கிற நம்பூதிரி வீட்டுக்குப் போனார். வீட்டுக்குள்ள விடல, வெளியே உட்காரவெச்சுப் பேசினாங்க. (அதே மனை இன்னிக்குக் கள் இறக்கும் தொழிலாளர் சங்க ஆபீஸ். போனப்ப வாசல்ல நின்னு தனியா சிரிச்சுக்கிட்டிருந்தேன்.) நவம்பர்ல போராட்டம் முடிஞ்சப்பவும் மூணு பக்கம்தான் திறந்தாங்க. கிழக்குத் தெரு கிடையாது. கோயிலுக்குள்ள போக 1936 ஆச்சு.

"பெரியார் மட்டும்தானா?" இல்லைங்க. டி.கே. மாதவனும் ஜார்ஜ் ஜோசப்பும் இல்லாம வைக்கம் இல்ல. தலைவர்கள் ஜெயிலுக்குப் போனதும் ஈரோட்டுலேர்ந்து ஒருத்தர் வந்து ரெண்டு தடவை சிறைக்குப் போனார், அதையும் சொல்றோம். இந்தச் சண்டைக்கு இன்னிக்கு நான் வரல.

"நூறு வருஷக் கதையை ஏன் கிளறுறீங்க?" இதுக்குத்தான் எனக்குச் சுர்ருன்னு வருது. எண்பதுகள்ல எங்க அப்பா எங்க ஊர்த் தேர்முட்டி வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கி, செருப்பைக் கழட்டி ஹேண்டில்பார்ல மாட்டி, உருட்டிக்கிட்டே போவார். பின்னாடி கேரியர்ல நான். என்னை இறங்கச் சொல்ல மாட்டார். "பஞ்சர்டா"ம்பார். வாரத்துக்கு ரெண்டு பஞ்சர், கரெக்டா அதே இடத்துல. பத்து வயசு வரை நம்பினேன்.

இப்ப அங்கே யாரும் தடுக்கிறதில்லை, ஒத்துக்கிறேன். அப்பா டிவிஎஸ் ஃபிப்டியில போறார். தேர்முட்டி வந்தா இன்னமும் வண்டி தானா ஸ்லோ ஆகுது. கேட்டா "பிரேக் சரியில்ல"ங்கிறார்.

அந்த ரீலைச் சிரிப்பு எமோஜி போட்டு முதல்ல அனுப்பினது யாருன்னு நினைக்கிறீங்க? எங்க சித்தப்பா மகன். அதே சைக்கிள்ல முன்னாடி பார்ல உட்கார்ந்து வந்தவன்.