பிரமாணத்தில் சென்ட் இருக்கும், கோடு இருக்காது

அண்ணன் தம்பிக்குள் அதிர்த் தகராறு, அதாவது நில எல்லைத் தகராறு, வந்தால் கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு பக்கம் முதலில் கேட்கிற பேச்சு, "சர்வேயரைக் கூப்பிடு, கல்லைப் போடு" என்பதுதான். பல வீட்டில் அதற்குப் பிறகுதான் சண்டை பெரிதாகிறது. குற்றம் சர்வேயர் மேல் இல்லை, பிரமாணத்தில், அதாவது நிலப் பத்திரத்தில் இருக்கிறது.

சர்வேயர் அளப்பது எஃப்.எம்.பி. என்கிற அரசு அளவைப் புலப்படத்தில் இருக்கிற கோட்டை. அப்பாவின் 30 சென்ட் புரையிடத்தை (வீட்டுமனையை) மூன்று பிள்ளைகளும் பாக உடம்படி (பாகப் பிரிவினைப் பத்திரம்) எழுதிப் பிரித்திருப்பார்கள், சர்வே கணக்கில் உட்பிரிவு செய்திருக்க மாட்டார்கள். பட்டா இன்னும் கூட்டுப்பட்டா. படத்தில் வெளிச்சுற்று மட்டும் உண்டு. இல்லாத கோட்டை அவர் எங்கே போய் அளப்பார்?

பிரமாணத்தைப் பிரித்தால் "வடபாகம் 10 சென்ட், தெற்கே கய்யாலை" என்று இருக்கும். ஒரு பக்கத்துக்குக்கூட மீட்டர் கணக்கு இராது. கய்யாலை, அதாவது மண்சுவர் வேலி, மழைக்குச் சரியும், திரும்ப வைக்கும்போது ஓரடி நகரும். 40 மீட்டர் நீளத்தில் 30 சென்டிமீட்டர் நகர்ந்தால் 12 சதுர மீட்டர், அதாவது 0.3 சென்ட். இதற்காகத்தான் கல்யாண வீட்டில் முகம் பார்க்காமல் போகிறார்கள்.

மேட்டு விளைகளில் (தோட்ட நிலங்களில்) இன்னொரு வினை உண்டு. சரிவில் டேப்பைத் தரையோடு படுக்க வைத்து அளக்கிறார்கள். 15 டிகிரி சரிவில் தரையோடு 30 மீட்டர் அளந்தால் கிடைமட்ட நீளம் 28.98 தான். பிரமாணமும் பட்டாவும் சொல்வது கிடைமட்ட அளவு. அப்படியானால் ஒரு மீட்டரை எவன் தின்றான்? ஒருவனும் தின்னவில்லை. டேப்பை மட்டமாகப் பிடித்து, நுனியில் தூக்குக்குண்டு விட்டு, நாலைந்து மீட்டராகப் படி இறங்கி அளக்க வேண்டும்.

ஆர் (100 சதுர மீட்டர்) கணக்கும் அப்படித்தான். 30 சென்ட் என்பது 12.14 ஆர். பட்டாவில் 12 என்று முழு எண்ணாக எழுதியிருந்தால் 0.35 சென்ட் காகிதத்தில்தான் குறைகிறது, தம்பி அமுக்கவில்லை. புலப்படத்தை அச்செடுத்து அதன்மேல் ஸ்கேல் வைத்து அளப்பதும் வேண்டாம். தாளுக்குள் அடங்கப் பிரிண்டர் படத்தைச் சுருக்கியிருக்கும். கோட்டருகே எழுதியிருக்கிற எண்ணை மட்டும் நம்புங்கள்.

1956 நவம்பர் 1-க்கு முந்தைய பிரமாணங்கள் திருவிதாங்கூர், திருவிதாங்கூர்-கொச்சி காலத்தவை. பல மலையாளத்தில், கொல்லம் ஆண்டில் இருக்கும். 1100 ஆவணி என்றால் 1924, அதே 1100 சித்திரை என்றால் 1925. அதிலுள்ள பழைய சர்வே எண் இன்றைய ரீசர்வே (மறு அளவை) எண்ணில் எது என்று பொருத்தாமல் பேசவே உட்காராதீர்கள். கேரளத்தில் பாறசாலை பக்கமும் நிலம் இருந்தால் அங்கே நம்மூர் மாதிரிப் பட்டா முறை கிடையாது. வில்லேஜ் ஆபீஸில் போக்குவரவு (பெயர் மாற்றம்) செய்து தண்டப்பேர் என்கிற நிலவரிக் கணக்கை மாற்ற வேண்டும்.

என்னைக் கேட்டால் வேலை இந்த வரிசையில் நடக்க வேண்டும். அண்டை நிலத்துக்காரரையும் வைத்துக்கொண்டு வெளி எல்லையை முதலில் அளந்து தீர்ப்பது. பிறகு எல்லாப் பங்காளியும், கட்டிக்கொடுத்த பெண்களும் சேர்த்து, நின்று உள்கோட்டைக் குறிப்பது. நான்கு பக்கம் அளந்தால் போதாது, மூலைவிட்டமும் அளக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அதே நான்கு நீளத்தில் மனை சாய்ந்துவிடும். பின்மனைக்கு நடைவழி இத்தனை அடி என்று எண்ணிலேயே எழுதுங்கள். வெறும் "நடைவழி" என்றால் ஆட்டோ போகுமா என்பது அடுத்த வழக்கு. இந்த அளவுகளோடு வரைபடம் சேர்த்து, பழைய உடம்படிக்கு எல்லோரும் கையெழுத்திட்ட திருத்தல் பத்திரம் பதிவு செய்யுங்கள். அதை வைத்து உட்பிரிவுக்கு விண்ணப்பித்துத் தனிப்பட்டா வாங்கிய பிறகுதான் மதில்.

ஒருவர் ஒத்துவரவில்லை என்றால் தாலுகா சட்டப்பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம். அங்கே லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசமாகக் கிடைக்கும் தீர்வு கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது. கோர்ட்டுக்கே போவதானாலும் வெறும் தடையாணை மட்டும் கேட்டு வழக்குப் போடுவது வீண்செலவு. எல்லையை நிர்ணயிக்கச் சொல்லிக் கேளுங்கள். கோர்ட் நியமிக்கும் வக்கீல் கமிஷனர் சர்வேயரோடு வந்து அளப்பார். "முப்பது வருஷமாக நான்தான் தேங்காய் வெட்டுகிறேன்" என்ற வாதம் பிரியாத பங்காளிகளுக்குள் அவ்வளவாக எடுபடாது. மற்றவர் உரிமையை வெளிப்படையாக மறுத்து, 12 வருஷம் தனித்து அனுபவித்ததை நிரூபிக்க வேண்டும்.

கல் நடும்போது குழிக்குள் ஒரு கை கரியும் ஓட்டுச்சில்லும் போட்டு மூடுங்கள். கரி மக்காது. ராத்திரியில் கல்லைப் பிடுங்கி நட்டாலும், தோண்டினால் பழைய குழி தெரியும்.