கேஜ்ல கையை வைக்காதீங்கடா டேய்!

யாருப்பா உன்னை பானட்டைத் திறக்கச் சொன்னது? வண்டி இடது பக்கம் இழுக்குது, வீல் அலைன்மென்ட் பாருன்னுதானே சொன்னேன்? சக்கரத்துக்கிட்ட குனிய வேண்டியவன், டேஷ்போர்டுக்கு அடியில கையை விட்டு லீவரை இழுத்து, பானட்டைத் தூக்கிட்டான். அடுத்து என்ன நடந்திருக்கும்னு உங்களுக்கே தெரியும். எல்லாரும் பட்டதுதானே.

கடை பூராவும் பனியன் வேஸ்ட் கிடக்கு, அத்தனையும் கிரீஸ் ஏறி என்ன கலர்னே தெரியாம. அதுல ஒண்ணை எடுத்தானா? இல்ல. மூட்டைக்குள்ள முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவி, பளீர்னு வெள்ளையா ஒரு துண்டைத் தேடி எடுக்கறான். கறுப்பு எடுப்பா தெரியணும்ல! கேஜை, அதான் இன்ஜின் ஆயில் மட்டம் பார்க்கற குச்சியை, உருவி அந்தத் துணியில ஒரே இழுப்பு. அந்தத் துணியை ரெண்டு கையாலயும் விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு, "பாருங்ண்ணா" அப்படிங்கறான். அதைச் சொல்லும்போது குரல்ல ஒரு சோகம் வேற.

பார்த்தேன். கறுப்பா இருந்துச்சு. டீசல் வண்டி ஆயில் வேற என்ன கலர்ல இருக்கும், ரோஸ் கலர்லயா?

"போன சனிக்கிழமைதான் தம்பி சர்வீஸ் சென்டர்ல ஆயில் மாத்துனது"ன்னு வாயை விட்டேன். அவ்வளவுதான். கல்லாவுல இருந்த ஓனர் எழுந்து வந்தார். கண்ணாடியை மாட்டினார். ஒரு சொட்டை ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சுத் தேய்ச்சார். மோந்து பார்த்தார். ஐசியூ கதவைத் திறந்துகிட்டு வெளிய வர்ற டாக்டர் மாதிரி தலையை மட்டும் ஆட்டினார். அப்புறம் என்கிட்ட இல்லைங்க, முன் சீட்டுல உட்கார்ந்திருந்த என் மாமனார்கிட்ட சொல்றார்: "பழைய ஆயிலையே திருப்பி ஊத்தி விட்டுட்டாங்க பெரியவரே."

எங்க அடிச்சா எங்க வலிக்கும்னு தெரிஞ்ச ஆளு.

சரி, அங்க வச்சுச் சொல்ல விடலை, இங்கயாவது சொல்லிடறேன். டீசல் எரியும்போது கரி உண்டாகும். பிஸ்டனைச் சுத்தி இருக்கிற ரிங் எவ்வளவு நல்லா இருந்தாலும் எரிஞ்ச வாயு கொஞ்சூண்டு கசிஞ்சு, அடியில ஆயில் தேங்கி நிக்கிற சேம்பருக்கு இறங்கும், கரியும் கூடவே இறங்கும். போதாக்குறைக்கு, வெளிய போற புகையில ஒரு பங்கைத் திருப்பி இன்ஜினுக்கே ஊட்டுற ஈஜிஆர் வேற. ஃபில்டர் பிடிக்காதான்னு கேட்பாங்க. ஃபில்டர் பிடிக்கிறது பத்து, இருபது மைக்ரான் சைஸ் தூசியை. இந்தக் கரி ஒரு மைக்ரான்கூட வராது, ஜாலியா உள்ள புகுந்து வெளிய வரும். அதுக்குத்தான் ஆயில்லயே டிஸ்பர்சன்ட்னு ஒண்ணைக் கலந்து விக்கறாங்க. துகளோட துகள் ஒட்டிக் கட்டியாகிடாம, தனித்தனியா மிதக்க விடறதுதான் அதோட வேலை. கூடவே டிடர்ஜென்ட் இருக்கு, பிஸ்டன்ல படிஞ்ச அழுக்கைக் கழுவ. கழுவின ஆயில் கறுக்காம என்ன செய்யும்? டீசல் வண்டியில ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடியும் ஆயில் தேன் கலர்லயே இருந்தா அப்பத்தாங்க பயப்படணும். கரியெல்லாம் எங்கடா போய் அப்பிக்கிச்சுன்னு!

இன்னொண்ணு. டிரெய்ன் போல்ட்டைக் கழட்டி எவ்வளவு நேரம் வடிய விட்டாலும் பழசு மொத்தமா வராது. டர்போ, ஆயில் கூலர், உள்ள இருக்கிற சந்து பொந்துன்னு அங்கங்க தங்கும். அந்த மிச்சமே புது ஆயிலைக் கறுக்க வைக்கப் போதும். பழைய டீசல் வண்டின்னா சர்வீஸ் விட்டு வீடு வந்து சேர்றதுக்குள்ள கறுத்துடும். பெட்ரோல் வண்டி மெதுவா நிறம் மாறும். அதுலயும் பெட்ரோலை நேரா சிலிண்டருக்குள்ளயே பீய்ச்சற, இப்ப வர்ற டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டிங்க சீக்கிரமே கறுக்குது.

இதை ஆரம்பிச்சு ரெண்டாவது வரியைத் தாண்டலை, பக்கத்து பே-யில நின்ன சிஎன்ஜி டாக்ஸி டிரைவர் உள்ள நுழைஞ்சுட்டார். யாரும் கேட்கலை. அவரா போய் அவர் வண்டி கேஜை உருவிட்டு வந்து நீட்டறார். மாத்தி மாசக்கணக்கா ஆச்சாம், இன்னும் பொன் நிறத்துல தகதகன்னு இருக்கு. சுத்தி நாலு பேர் 'அடேங்கப்பா'ன்னு பார்க்கறாங்க. அண்ணே, உங்க சிஎன்ஜி எரிஞ்சா கரியே பேருக்குத்தான்! அதனால ஆயில் பார்க்க அழகா இருக்கு. சூட்டுல அதுவும் உள்ளுக்குள்ள கெட்டுக்கிட்டேதான் இருக்கும், கிலோமீட்டர் வந்தா நீங்களும் மாத்தித்தான் ஆகணும்னு சொன்னா, பொறாமையில பேசறேன்ற மாதிரி சிரிக்கறார்.

மாமனார் சும்மா இருப்பாரா? "என் டிவிஎஸ் 50-ல ஆயிலு கறுத்து நான் பார்த்ததே இல்லீங்க மாப்ள." எப்படி மாமா பார்ப்பீங்க? அது டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோட ஆயிலைக் கலந்து ஊத்துனோம், அதுவும் சேர்ந்தே எரிஞ்சு பின்னாடி வர்றவன் மூஞ்சில புகையாப் போச்சு. கறுக்கறதுக்கு ஆயில் அங்க மிஞ்சினாத்தானே!

எனக்கு வயிறு எரியறது எதுக்குன்னா, அந்தக் கேஜ்ல ரெண்டு கோடு இருக்கு பாருங்க, கீழ ஒண்ணு, மேல ஒண்ணு. ஆயில் அதுக்கு நடுவுல நிக்குதான்னு பார்க்கத்தான் அந்தக் குச்சியே. அதை ஒருத்தன், ஒரே ஒருத்தன், பார்க்கலை. பார்த்திருந்தாலும் பிரயோஜனம் இல்ல. பைபாஸ்ல ஓடி வந்து அப்பத்தான் ஆஃப் பண்ண வண்டி, ஆயில் சேம்பருக்கு இறங்கவே இல்ல. போதாததுக்கு முன் சக்கரம் ரெண்டும் ரேம்ப்ல ஏறி, வண்டி வானத்தைப் பார்த்துக்கிட்டு நிக்குது.

உண்மையிலேயே பயப்பட வேண்டியது வேற. ஆயில் பால் காபி கலர்ல இருந்தா இன்ஜினைக் குளிர வைக்கற கூலன்ட் கலந்திருக்கலாம். சேம்பர் ஆயில்ல மினுமினுன்னு உலோகத்தூள் தெரிஞ்சா உள்ள ஏதோ தேயுது. புகையில வர்ற கரியைப் பிடிக்கற டிபிஎஃப் ஃபில்டர் வச்ச பிஎஸ் 6 டீசல் வண்டியில ஆயில் மட்டம் குறையாம ஏறிக்கிட்டே போச்சுன்னா டீசல் கலக்குதுன்னு அர்த்தம். இதுக்கெல்லாம் வெள்ளைத் துணி சர்க்கஸ் வேண்டாம். ஆனா இதையெல்லாம் சொன்னா பாட்டில் விக்காதே!

பாட்டில்னு சொன்னேன்ல, அதான் கிளைமாக்ஸ். முதல்ல ஃபிளஷ் பண்ணணுமாம், அதாவது இன்ஜின் உள்ளயே கழுவி விடணுமாம். அப்புறம் புது ஆயில். அதுக்கு மேல 'இன்ஜின் ட்ரீட்மென்ட்'னு ஒரு குட்டி பாட்டில், ஊத்தினா ஆயில் கறுக்கவே கறுக்காதாம். கறுக்கறதுக்குன்னே மருந்து போட்டு வித்த ஆயில்ல, கறுக்காம இருக்க ஒரு மருந்து! ஃபிளஷுக்கும் ஆயிலுக்கும் முடியாதுன்னுட்டேன். உடனே மாமனார் சட்டைப் பையில கையை விட்டுட்டார். "எம் புள்ள போற வண்டிங்க"ன்னு பாட்டிலுக்குக் காசை எடுத்து வச்சுட்டார். அதுக்கு மேல நான் என்ன பேச? டிஸ்பர்சன்ட் பத்திப் பேசவா?

ஆயில் மாத்தறேன்னு பில்லைப் போட்டுட்டு மாத்தாம விடற ஆளுங்க இல்லைன்னு சொல்லலை. இருக்காங்க. சந்தேகம்னா மாத்தும்போது பக்கத்துல நில்லுங்க, கேன் சீலைக் கண் முன்னாடி உடைக்கச் சொல்லுங்க, பழைய ஃபில்டரைக் காட்டச் சொல்லுங்க. நிறத்தை வச்சு ஜோசியம் பார்க்காதீங்க.

அலைன்மென்ட்டா? பார்த்தாங்க. இப்ப வலது பக்கம் இழுக்குது.

இத்தனையும் முடிஞ்சு வீட்டுக்குள்ள காலை வைக்கறேன், ஆயில் மாத்தின சர்வீஸ் சென்டர்ல இருந்து போன். பத்துக்கு எவ்வளவு மார்க் குடுப்பீங்க சார்னு ஒரு பொண்ணு. எட்டுன்னேன். "சார், எட்டு குடுத்தா எங்களுக்கு ஃபெயில் சார். இன்சென்டிவ்ல கையை வச்சுடுவாங்க. பத்துன்னு சொல்லிடுங்க சார், ப்ளீஸ்." அப்புறம் எதுக்கும்மா ஒண்ணுல இருந்து ஒன்பது வரைக்கும் வச்சிருக்கீங்க, அழகுக்கா? அந்தப் பொண்ணு என்ன பண்ணும், பாவம். பத்துன்னு சொல்ல வாயைத் திறக்கறேன், சோபாவுல இருந்து மாமனார் குரல்: "ஆயிலு கறுத்ததையும் சேர்த்துச் சொல்லுங்க மாப்ள!"