இரண்டு மொழி கேட்டு வளர்ந்தால் குழந்தையின் அறிவு மங்குமா?

"வீட்டில் தமிழ், அங்கன்வாடியில் மலையாளம் என்றால் குழந்தை குழம்பும், பேச்சு தாமதமாகும், அறிவு மங்கும், தமிழை நிறுத்துங்கள்." கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தத் தகவல் தவறு.

இரண்டு மொழி அறிவை மங்கச் செய்யும் என்று சொன்ன பழைய ஆய்வுகள் பலவும் ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகளை, அவர்களுக்குப் பழகாத மொழியில் சோதித்து, வசதியான பிள்ளைகளோடு ஒப்பிட்டன. 1962-ல் கனடாவின் மான்ட்ரியலில் பீல், லாம்பர்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் குடும்ப வசதி ஒத்த 10 வயதுப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். இருமொழிப் பிள்ளைகள் பின்தங்கவில்லை. பல தேர்வுகளில் முந்தினார்கள். அதற்காக இரண்டு மொழி அறிவைக் கூட்டும் என்று சொல்வதும் மிகைதான்.

தவறு பெரும்பாலும் குழந்தையின் சொற்களை எண்ணுவதில் நடக்கிறது. தமிழை மட்டும் எண்ணினால் சொற்கள் குறைவாகத்தான் தெரியும். வீட்டில் 'தண்ணி', அங்கன்வாடியில் அதையே மலையாளத்தில் 'வெள்ளம்' என்று சொல்கிற குழந்தைக்கு அவை இரண்டு சொற்கள். "அம்மா, வெள்ளம் வேணும்" என்று கலந்து பேசுவதும் இயல்பு, குழப்பமல்ல.

2 வயதில் இரு மொழியும் சேர்த்து 50 சொல்கூட இல்லை, இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். முதலில் காது கேட்கும் திறனைச் சோதியுங்கள், பிறகு பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள். தயவுசெய்து வீட்டில் தமிழை நிறுத்த வேண்டாம். பாட்டியோடு பேசும் பேச்சு அறுந்தால் குழந்தைக்குக் கிடைக்கும் மொழியே குறைந்துவிடும்.