இறக்கை மறைப்பதை யார் சொல்வது?

இறங்க வரும் சிறிய விமானங்கள் மோதும் அளவுக்கு நெருங்கி மயிரிழையில் தப்பும் நிலை வருவதற்கு விமானியின் கவனக்குறைவே காரணம் என்று உங்கள் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டதே! நாங்கள் இருப்பது பெங்களூரு ஜக்கூரில். மாடியில் துணி காயப்போடும்போது பயிற்சி விமானங்கள் தலைக்கு மேல் வட்டமடிக்கும். இறக்கையைப் பார்த்தே என் பையன் வகை சொல்லிவிடுவான். செஸ்னா 172 என்ற சிறிய விமானத்துக்கு இறக்கை உச்சியில். மேலே வருவதை அது மறைத்துவிடும். இறக்கை கீழே இருக்கும் விமானத்துக்கோ அடியில் இருப்பது தெரியாது. செஸ்னா அடியிலும் மற்றது அதற்கு மேலேயுமாக ஒரே ஓடுபாதைக்கு இறங்கினால்? 1996இல் டெல்லி அருகே சர்க்கி தாத்ரியில் இரண்டு விமானங்கள் நடுவானில் மோதி 349 பேர் இறந்த பிறகுதான் இங்கே பெரிய விமானங்களுக்கு மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமானது. சின்ன விமானங்கள் பலவற்றில் அது கிடையாது. ரேடியோவில் ஒருவர் தன் இடத்தைச் சொல்ல மறந்தால், அப்புறம் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியதுதான்.