உலகச் சம்பியனும் ஒரே நகர்த்தலில் வந்த செக்மேட்டைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார்

கல்லடி அண்ணன் ஒருவர் எழுதிய பதிவின் சாரம்: பெரிய ஆட்டக்காரர்கள் செஸ்ஸில் அப்பட்டமான தவறு விடுவதில்லை, ஆகவே அப்படித் தவறிவிட்டு அழும் பிள்ளைக்கு இந்த விளையாட்டு சரிவராது. பல பெற்றோர் இதைப் பகிர்ந்திருப்பதால் சொல்கிறேன், அண்ணன் கோபிக்கக் கூடாது: அதன் அடிப்படையே சரியல்ல.

2006 நவம்பரில் ஜெர்மனியின் பான் நகரில், அப்போதைய உலகச் சம்பியன் விளாடிமிர் கிராம்னிக் டீப் ஃபிரிட்ஸ் என்ற கணினி நிரலுடன் ஆடினார். இரண்டாவது ஆட்டத்தில், கறுப்புக் காய்களுடன், 34ஆவது நகர்த்தலாக ராணியை ஈ3 கட்டத்துக்குக் கொண்டுபோனார். வெள்ளை ராணி எச்7இல் வந்து அமர்ந்தது. செக்மேட்! ராஜா தப்ப வழியில்லை, ஆட்டம் முடிந்தது. செஸ் வகுப்பில் சேர்ந்து சில மாதங்களேயான பிள்ளையும் பலமுறை கண்டிருக்கக்கூடிய வடிவம் அது.

என் சொல்லை நம்ப வேண்டாம். இரு பெயர்களையும் ஆண்டையும் இணையத்தில் தேடினால் ஆட்டக் குறிப்பு இலவசமாகக் கிடைக்கும். வீட்டுப் பலகையில் அந்த 34ஆவது நகர்த்தல்வரை ஆடிக் காட்டிவிட்டு, அடுத்தது என்னவென்று பிள்ளையிடமே கேளுங்கள். (என் மகன் போன மாதம் ஓர் ஆட்டத்தில் கோட்டைக் காயைச் சும்மா கொடுத்துவிட்டு, பஸ் ஏறாவூர் வரும்வரை வாய் திறக்கவில்லை. இதைக் காட்டிய பிறகுதான் சிரித்தான்.)

அப்படியே, அந்தத் தவறுக்குப் பிறகு கிராம்னிக் ஆடிய அடுத்த மூன்று ஆட்டங்களின் முடிவுகளையும் பாருங்கள். மூன்றும் சமநிலை. தொடரை அவர் 2–4 என்று இழந்தது உண்மைதான்.