ஃபிகாரோ வாங்கப் போகிறவர்கள் முதலில் தகரத்தைப் பாருங்கள்

ஜப்பான்காரன் ஐரோப்பாவின் பழைய கார்களைக் காப்பியடித்துப் பொம்மை கார் செய்தான் என்று சொல்லி நிசான் ஃபிகாரோவையும் பாவோவையும் ஒதுக்குகிறவர்களுக்கும், படத்தைப் பார்த்த அன்றே மனதைப் பறிகொடுத்து முன்பணம் கட்டத் துடிக்கிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். இரண்டு தரப்பும் இந்தக் கார்களின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

பழைய தோற்றம் கொண்ட இந்த வரிசையில் நிசான் நான்கு கார்களை விட்டது. 1985 டோக்கியோ கண்காட்சியில் காட்டப்பட்டு 1987இல் விற்பனைக்கு வந்த பி-1, பத்தாயிரம் மட்டுமே. 1989இல் பாவோ, எண்ணிக்கைக்கு வரம்பு வைக்காமல் மூன்று மாதம் மட்டும் முன்பதிவைத் திறந்து வைத்தார்கள், ஐம்பதாயிரத்துக்கு மேல் குவிந்தது. அதே வருடம் நத்தை மாதிரி முதுகு வளைந்த எஸ்-கார்கோ சரக்கு வண்டி. கடைசியாக 1991இல் ஃபிகாரோ. எட்டாயிரம் என்று ஆரம்பித்து, கேட்டவர்கள் கூட்டம் தாங்காமல் இருபதாயிரமாக்கி, அப்போதும் போதாமல் குலுக்கல் போட்டுத்தான் கொடுத்தார்கள். விலை 18 லட்சத்து 70 ஆயிரம் யென்.

எஸ்-கார்கோவைத் தவிர மற்ற மூன்றுக்கும் அடியில் இருப்பது கே10 தலைமுறை மார்ச், ஐரோப்பாவில் மைக்ரா என்ற பெயரில் விற்ற அதே சின்னக் கார். 987 சிசி என்ஜின். பி-1, பாவோ இரண்டிலும் கார்பரேட்டர் வைத்த 52 குதிரைத்திறன் ரகம். ஃபிகாரோவில் மார்ச் டர்போவிலிருந்து எடுத்த 76 குதிரைத்திறன் டர்போ ரகம், கூடவே மூன்று கியர் ஆட்டோமேட்டிக். 810 கிலோ எடைக்கு இது தாராளம்.

காப்பி என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கவே மாட்டேன். பாவோவின் வெளியே தெரியும் கதவுக் கீல்களையும் மேலே மடக்கித் திறக்கும் சன்னல்களையும் பார்த்தால் பிரான்சின் பழைய சின்னக் கார்களான சிட்ரோயன் 2சிவியும் ரெனோ 4உம் நினைவுக்கு வரும்தான். ஆனால் பக்கத்தில் நிறுத்தினால் எந்தப் பாகமும் எதிலிருந்தும் அச்செடுத்ததாக இருக்காது. ஃபிகாரோவைப் பார்த்து ஒருவர் இத்தாலியின் பழைய பியான்கினா என்பார், இன்னொருவர் அமெரிக்காவில் விற்ற பழைய நாஷ் மெட்ரோபாலிட்டன் என்பார்; முழுதாக எதற்கும் பொருந்தாது. ஒரு காலத்து ரசனையை எடுத்துக்கொண்டு, காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பும் காரில் வைத்தார்கள். நேர்மையான வேலை அது.

மிட்சுவோகா போனது வேறு வழி. தொயாமாவில் இருக்கும் இந்தச் சின்ன நிறுவனம் 1993இல் கொண்டுவந்த வியூட், அடுத்த தலைமுறையான கே11 மார்ச்சின் நடு உடலை அப்படியே வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் ஜாகுவார் மார்க் 2 முகத்தை ஒட்டியது. அது வெளிப்படையான வேஷம். கதவையும் கண்ணாடியையும் பார்த்தாலே மார்ச் என்று தெரியும். பிடித்தால் வாங்கலாம், தப்பில்லை. ஒட்டிய பகுதி ஃபைபர் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. சின்ன இடி பட்டாலும் பெயின்டுக்கு அடியில் சிலந்தி வலை போல விரிசல் ஓடும். அதற்கு மேல் பட்டி பூசிப் பெயின்ட் அடித்தால் ஆறு மாதத்தில் அதே விரிசல் மேலே வந்துவிடும். உள்பக்கம் ஃபைபர் பாய் வைத்து ரெசின் ஊற்றிப் பலப்படுத்திய பிறகே வெளிப்பக்கம் கை வைக்க வேண்டும். மெக்கானிக்கல் பக்கம் கவலை குறைவு. இலங்கையில் கே11 மார்ச்சைப் பழுது பார்க்கிற எவரும் வியூட்டின் என்ஜினைப் பார்த்துத் தடுமாற மாட்டார். சிவிடி கியர் (தனித்தனிக் கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்) வைத்ததென்றால் மட்டும் உஷார்: அதில் இரும்புத் தூளில் இயங்கும் மின்காந்தக் கிளட்ச் இருக்கிறது. நின்று கிளம்பும்போது வண்டி உதறினால் அது போகிறது என்று அர்த்தம், சரிசெய்யும் செலவு காரின் விலையை நெருங்கிவிடும்.

இனி ஃபிகாரோ. வாங்க வருகிறவர்கள் பானட்டைத் திறந்து டர்போவைப் பற்றியே அரைமணி நேரம் கேட்கிறார்கள். என்ஜின் பொது உருப்படி. வேறு என்ஜினே தேடி மாட்டலாம். கிரில், பம்பர், கதவு ஓரக் குரோம் பட்டை, டாஷ்போர்டு சுவிட்ச், ரேடியோ முகப்பு, வெள்ளைத் தோல் சீட் இவையெல்லாம் அந்த இருபதாயிரம் காருக்காக மட்டுமே செய்தவை. இங்கிலாந்தில் ஃபிகாரோவுக்கென்றே தனிக் கடைகள் இருக்கின்றன, சில பாகங்களைப் புதிதாகவும் செய்கிறார்கள். ஆனாலும் ஒவ்வொன்றாகத் தேடி வாங்கினால் பணம் எங்கே போனதென்றே தெரியாது. ஆகவே குரோம் முழுதாக, தகரம் சுத்தமாக, என்ஜின் களைத்துப்போன காரை வாங்குங்கள். என்ஜின் பளபளக்க, அடியில் துரு தின்ற காரை விட்டுவிடுங்கள்.

துருவை எங்கே பார்ப்பது? கதவுக்குக் கீழே ஓடும் சில், அதிலும் பின்சக்கரத்தை ஒட்டிய கடைசி ஒரு சாண். பின்சக்கர வளைவின் உள்விளிம்பு. விரலை உள்ளே விட்டுத் தடவுங்கள், சொரசொரப்பாகச் செதில் வந்தால் வெளியே கொப்புளம் வரப் போகிறது. முன் கண்ணாடித் தூணின் அடி. முன்பக்க ஷாக் அப்சார்பர் மேலே உட்காரும் கிண்ணம். கம்பளத்தைத் தூக்கித் தரை. ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப்போனால் எங்கே பட்டி கனமாகப் பூசியிருக்கிறது என்று தெரிந்துவிடும். பி-1 பார்க்கப் போகிறவர்கள் இதில் ஏமாற வேண்டாம்: அதன் முன் மட்கார்டு பிறக்கும்போதே பிளாஸ்டிக், காந்தம் ஒட்டாது.

ஃபிகாரோவின் துணிக்கூரை கையால் மடக்குவது. பக்கச் சட்டங்கள் நின்றிருக்க, நடுப்பகுதி மட்டும் பின்னால் போய் மூடிக்குள் அடங்கும். அந்தக் குழிக்குத் தண்ணீர் வடியும் துளைகள் உண்டு. இலையும் தூசும் அடைத்தால் மழைத்தண்ணீர் தேங்கி உள்ளே இறங்கும், தரை உள்ளிருந்து துருப்பிடிக்கும். கெட்டிக் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், குழாய் கழன்றுகொள்ளும். மெல்லிய நைலான் கயிறு விட்டுச் சுத்தம் செய்து, ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, காருக்கு அடியில் ஒழுகுகிறதா என்று பாருங்கள். வருடத்துக்கு இரண்டு முறை போதும்.

ஜப்பான் ஏலத்தில் எடுக்கிறவர்கள் ஏலத்தாளில் உள்ள கார் வரைபடத்தைப் படிக்கப் பழக வேண்டும். ஏ என்றால் கீறல், யு என்றால் நசுங்கல், டபிள்யூ என்றால் தட்டிச் சரிசெய்த இடம், எஸ் என்றால் துரு, சி என்றால் அரித்துப்போனது, எக்ஸ்எக்ஸ் என்றால் மாற்றிய பாகம். பக்கத்தில் உள்ள எண் கூடினால் சேதம் கூடுதல். ஏ2, யு2 நிறைய இருந்தாலும் வாங்கலாம். ஒரே ஒரு சி இருந்தால் அடிப்பக்கப் படம் வராமல் பணம் அனுப்பாதீர்கள். ஹொக்கைடோ மாதிரிப் பனிப் பிரதேசத்தில் ஓடிய கார் என்றால் சாலையில் தூவும் உப்பு அடிப்பக்கத்தைத் தின்றிருக்கும்.

என்ஜினைக் கொல்வது சூடு. அலுமினிய ஹெட், அதன் மேல் டர்போவின் வெப்பம், முப்பது வருட ரேடியேட்டர். கார் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது மேல் கூலன்ட் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். அப்போதும் விறைப்பாக இருந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட்டில் சந்தேகம். ஆயில் மூடியின் அடியில் தயிர் மாதிரி படிவு இருந்தாலும் அப்படியே. பிறகு ஸ்டார்ட் செய்து, ஏசி போடாமல் ஐடிலில் விட்டு, ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும்வரை காத்திருங்கள். விற்கிறவர் அவசரப்படுத்தினாலும் நகராதீர்கள். சூடு காட்டும் முள் ஏறிக்கொண்டே போய் ஃபேன் சுற்றவில்லையென்றால் அணைத்துவிடுங்கள்.

வாங்கியதும் செய்ய வேண்டியது: டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், எல்லா ரப்பர் ஹோஸும் ஒரே மூச்சில். பழைய ரசீது இல்லாவிட்டால் பெல்ட் மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். என்ஜின் ஆயில் 5000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது. வேகமாக ஓட்டி வந்து உடனே அணைத்தால் டர்போ தண்டில் நிற்கும் ஆயில் கருகிப் படியும். கடைசி இரண்டு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி வாருங்கள். சிவப்புச் சிக்னலில் சற்று நின்று கிளம்பும்போது நீலப் புகை வந்தால் டர்போ சீலைப் பார்க்க வேண்டும். கியர் ஆயில் பழுப்பாகி, கருகிய வாசனை அடித்தால் பேரத்தில் நல்ல தொகை குறையுங்கள்.

ஏசியில் பலர் பணத்தை விடுகிறார்கள். அந்தக் காலத்து ஆர்12 வாயுவுக்குச் செய்தது அது. அதற்குப் பின் வந்த 134ஏ வாயுவை அப்படியே ஏற்றினால் பழைய கம்ப்ரசர் ஆயில் அதோடு கலந்து சுற்றாது, கம்ப்ரசர் உலர்ந்து சிக்கிக்கொள்ளும். பழைய ஆயிலை வடித்து, ஓ-ரிங்குகளையும் டிரையரையும் மாற்றி, பொருத்தமான ஆயில் ஊற்றி, உள்ளே உள்ள காற்றை உறிஞ்சி வேக்கம் போட்ட பிறகே வாயு. பழைய அளவு முழுவதையும் ஏற்றாமல் சற்றுக் குறைவாக, பிரஷரைப் பார்த்து ஏற்றச் சொல்லுங்கள்.

ஓட்டுவதில் சுகம் வேண்டும், கையில் கியர் போட ஆசை என்றால் நான் பாவோவின் ஐந்து கியர் மேனுவலைத்தான் சொல்வேன். டர்போ இல்லை, கெட்டுப்போக இடம் குறைவு. அதன் தொல்லை கார்பரேட்டரைச் சுற்றி ஓடும் வேக்கம் ஹோஸ்கள். வயதாகி விறைத்து வெடித்தால் ஐடில் ஏறி இறங்கும், சிக்னலில் அணையும். உடனே கார்பரேட்டரைக் கழற்றச் சொல்லும் மெக்கானிக்கைத் தடுத்து நிறுத்துங்கள். ஒரு ஹோஸைக் கழற்றி, அதே நீளம் அதே விட்டத்தில் புதியதை மாட்டிய பிறகே அடுத்ததைத் தொடச் சொல்லுங்கள்; எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடுங்கினால் எது எங்கே போனது என்று கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆகும். பி-1, பாவோ, ஃபிகாரோ மூன்றுக்குமே 12 அங்குல டயர், ஃபிகாரோவுக்கு 165/70. இந்த அளவில் நல்ல டயர் எல்லாக் கடையிலும் கிடைக்காது. கார் கப்பலில் வரும்போதே நான்கை ஆர்டர் போட்டு, பக்கவாட்டில் தயாரித்த வாரமும் வருடமும் பார்த்து வாங்கி வையுங்கள்.