களிமண்ணுக்கு முன்னால் கம்பி

சிற்பம் கற்க வருகிறவர்கள் கையில் முதல் நாளே களிமண்ணைக் கொடுக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். முதலில் ஒரு சுருள் கட்டுக்கம்பியை, அதுதான் கட்டட வேலையில் கம்பிகளைச் சேர்த்துக் கட்டுகிற மெல்லிய கம்பியை, கொடுங்கள்.

இங்கே பெங்களூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இரண்டு வருடம் மண் பிசைந்தவள் சொல்கிறேன். ஸ்கிப்பிங் ஆடும் சிறுமி ஒருத்தியைச் செய்துகொண்டிருந்தேன். அல்சூரில் எங்கள் தெருவில் தினமும் சாயங்காலம் பார்க்கிற காட்சிதான். உள்ளே கம்பி, மேலே மண். காயும்போது மண் சுருங்கும், கம்பி சுருங்காது. அதனால் முழங்காலிலும் தோளிலும் வெடித்து, ஒரே வாரத்தில் பாதி உதிர்ந்துவிட்டது. சரி என்று மிச்சத்தையும் தட்டி எடுத்தேன். உள்ளேயிருந்த கம்பிச் சிறுமி குதித்துக்கொண்டிருந்தாள்! மண் இருந்தவரை அவள் சும்மா நின்றிருக்கிறாள்.

ஆசிரியரிடம் ஆசையாகக் காட்டினேன். "அது எலும்புதானேம்மா, வெளியே தெரியக்கூடாது" என்றார். அவர் மேல் மரியாதை உண்டு. ஆனால் இதை என்னால் ஏற்க முடியவில்லை.

அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் 1926லேயே பாரிஸில் நடனக்காரி ஜோசபின் பேக்கரை வெறும் கம்பியில் செய்துவிட்டார். சரி, அது வெளிநாடு. நம் வெண்கல நடராஜரின் வேகம் எங்கே இருக்கிறது? எனக்கு அது இரண்டு பக்கமும் பறக்கிற சடையில் இருக்கிறது. சுவாமிமலையில் தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து முதலில் மெழுகில்தான் உருவம் செய்கிறார்கள், பிறகுதான் அதை உலோகத்தில் வார்க்கிறார்கள். இளஞ்சூட்டில் மெழுகைத் திரியாக உருட்டலாம், நீட்டலாம், வளைக்கலாம். கல்லில் அவ்வளவு மெல்லிதாகச் சடையைப் பறக்கவிட்டால் ஒடிந்துபோகும். அந்த மெல்லிய வளைவைக் கொடுத்தது மெழுகு.

அப்புறம் என் சிறுமிக்குக் கயிறு வேண்டுமே. அதற்கு மட்டும் நான்கு பொருள் மாற்றினேன். கட்டுக்கம்பி சூடாக்கி இளக்கிய இரும்பு, சொன்ன பேச்சு கேட்கும். ஆனால் ஓரிடத்தில் தப்பாக மடித்துவிட்டால் அவ்வளவுதான். மடிந்த இடம் இறுகிவிடும், நிமிர்த்தப் பார்த்தால் அதன் இரண்டு பக்கமும்தான் வளையும். என் கை நடுக்கம் முழுக்க அதில் பதிந்தது. சிறுமியின் உடம்புக்கு அது உயிர், கயிற்றுக்கு ஆகாது. மோட்டார் காயில் கட்டுகிறவரிடம் செம்புக் கம்பி வாங்கினேன். வளைக்க வளைக்க அதுவும் இறுகியது, சிவக்கச் சூடாக்கினால் மறுபடி இளகியது. பிரம்பை ஊறவைத்து வளைத்தபோது அருமையான வளைவு கிடைத்தது, காய்ந்ததும் அப்படியே நின்றுவிட்டது.

கடைசியில் ஸ்பிரிங் எஃகுக் கம்பி. லேசாக வளைத்தால் அடங்காது, நிமிரத்தான் பார்க்கும். இரண்டு நுனியையும் அவள் இரண்டு கைகளில் கட்டியபோது, அந்த முரண்டே தலைக்கு மேல் வில்லாக எழுந்தது. பக்கத்தில் யாராவது வேகமாக நடந்தாலே நடுங்குகிறது. ரஷ்யச் சிற்பி நௌம் காபோ 1919-20இல் ஒரு எஃகுக் கம்பியை மோட்டார் வைத்து அதிரச் செய்து, காற்றில் ஓர் அலை நிற்பதுபோல் காட்டினார். என் மேஜையில் எங்கள் வீட்டு ஆட்கள் நடமாட்டமே போதுமாக இருக்கிறது.

மண்ணோடேயே நின்றிருந்தால் இந்த வித்தியாசம் எதுவும் என் விரலுக்குத் தெரிந்திருக்காது. செலவும் பெரிதில்லை. 0.9 மி.மீ. கட்டுக்கம்பி ஒரு கிலோ வாங்கினால் சுமார் 200 மீட்டர் வரும், ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்குத் தாராளம். சூளை வேண்டாம். நுனிகளை மட்டும் மறக்காமல் மடித்துவிட வேண்டும், கண்ணில் பட்டால் ஆபத்து.

வருகிற ஞாயிறு எங்கள் மொட்டை மாடியில் தெருப் பிள்ளைகள் ஐந்தாறு பேரோடு தொடங்குகிறேன். அம்மா மல்லிகை கட்ட உட்காருவார். வாழைநார் அவர் விரல்களுக்கு நடுவே போய்த் திரும்புகிற வழியைக் கம்பியில் பிடிப்பதுதான் முதல் பாடம். அல்சூர் பக்கம் இருப்பவர்கள் பிள்ளைகளை அனுப்புங்கள். வீட்டில் கட்டிங் பிளேயர் இருந்தால் கொடுத்துவிடுங்கள், என்னிடம் இரண்டுதான் இருக்கிறது.